மொழிபெயர்க்காமல் விட்ட பக்கம்

டாக்குரியா, கொல்கத்தா
9 ஜனவரி 2025

குழந்தை அனன்யாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். ஹாலிஃபாக்ஸில் பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது என்று படம் அனுப்பியிருந்தாய், இங்கே பதிமூன்று டிகிரிக்கே உன் அம்மா குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு நடமாடுகிறாள், நான் சிரித்தால் கோபம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில், என்னப்பா குரல் ஒரு மாதிரி இருக்கே என்று கேட்டாய், ஜலதோஷம் என்றேன். ஜலதோஷம் இல்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை, அதனால் கடிதம். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், மெதுவாகவே படி, அவசரமாகப் படிக்கிற விஷயமில்லை.

நம் சங்கத்துத் தோட்டத்தை விற்கப்போகிறோம் என்று உனக்குத் தெரியும். பாருய்ப்பூர் தாண்டி முப்பது பிகா, அதாவது பத்து ஏக்கர் நிலம், ஜமீன்தார் வைத்துப் போன தோட்டம், பெரிய குளம், உடைந்த தூண்களோடு படித்துறை, நூற்றைம்பது வருஷத்து மகாகனி மரங்கள் இரண்டு வரிசை. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்த நாங்கள் நாற்பது பேர் சேர்ந்து வாங்கியது, வருஷா வருஷம் பொங்கலுக்குப் போவோம், நீயும் அந்தக் குளத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதிருக்கிறாய். இப்போது மிச்சம் பத்தொன்பது குடும்பம்தான், பிள்ளைகளெல்லாம் பெங்களூர், அமெரிக்கா, உன்னை மாதிரி கனடா. யார் போய்ப் பார்ப்பது. விற்பதில் எனக்கு ஆட்சேபணை இருக்கவில்லை, கூட்டத்தில் முதலில் கை தூக்கியவனே நான்தான்.

வாங்குகிற கம்பெனியின் வக்கீல், நிலம் சம்பந்தமாகச் சங்கம் போட்ட தீர்மானங்கள் அத்தனையையும் இங்கிலீஷில் கேட்டார். நம் மினிட்ஸ் புத்தகம் முழுக்கத் தமிழ், ஆபீசில் நாள் பூரா இங்கிலீஷில் எழுதிக் கை ஓய்ந்தவர்கள் சங்கத்திலாவது தமிழில் எழுதுவோம் என்று வைத்துக்கொண்ட வழக்கம் அது, எல்லாம் என் கையெழுத்து. இப்போதைய செக்ரட்டரி விக்ரம், என் சிநேகிதர் சிவராஜின் பிள்ளை, தமிழ் பேசுவான், படிக்க வராது. புத்தகத்தின் மேல் போனைப் பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்தான், என் கிறுக்கலுக்கு அது ஏதோ மாட்டு வைத்தியக் குறிப்பு மாதிரிச் சொல்லிற்று. சிரித்துவிட்டு, மாமா நீங்களே எழுதிக் குடுத்துருங்க, உங்களை விட்டா யாருக்குத் தெரியும் என்றான். அவன் சொன்னது நிஜம், சிவராஜ் போய்விட்டார், எங்களோடு ஆரம்பத்திலிருந்து இருந்த மாரியப்பனுக்கு நினைவு தப்பிவிட்டது, சங்கத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பதினாறு தீர்மானங்களை எழுதிக் கொடுத்து, உள்ளது உள்ளபடி இவ்வளவே என்று அடியில் கையெழுத்தும் போட்டேன். இருந்தது பதினேழு.

விட்டது 1979ஆம் வருஷத்துத் தீர்மானம். வாங்கின புதிதில் நாங்கள் சுற்றி முள்கம்பி போடப் போனோம், ஊர்க்காரர்கள் கேட்டில் வந்து நின்றுவிட்டார்கள். குளிப்பதும் துவைப்பதும் அந்தக் குளத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் பிணத்தைத் தூக்கிப் போவதும் அந்த மகாகனி வழியில், அடைத்தால் நாங்கள் எங்கே போவது என்றார்கள். நியாயம்தானே. நாள் முழுக்கப் பேசினோம். மரம் வெட்டிப் போகிற திருடர்களிடமிருந்து தோட்டத்தை ஊர் காக்கும், கூலி கிடையாது, பதிலுக்குக் குளமும் வழியும் என்றைக்கும் ஊருக்குத் திறந்திருக்கும், நிலம் யார் கைக்குப் போனாலும் இது மாறாது என்று எழுதினேன். எழுதினதை எனக்குத் தெரிந்த அரைகுறை பெங்காலியில் சொன்னேன். இப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மதுவின் அப்பா ஹரிபதா மண்டல்தான் ஊருக்குப் பெரியவர், தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது, புத்தகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைநாட்டு வைத்தார். நாற்பத்தைந்து வருஷத்தில் அங்கே ஒரு மரம் களவு போனதில்லை. சுற்றுவட்டாரத்தில் மற்ற ஜமீன் தோட்டமெல்லாம் மொட்டையாகிவிட்டது.

பின்னே ஏன் விட்டாய் என்று கேட்பாய். வாங்குகிறவர்கள் ரிசார்ட் கட்டி, சுற்றிலும் எட்டடிச் சுவர் எழுப்பி, குளத்தில் விருந்தாளிகளுக்குப் படகு விடப்போகிறார்கள். இந்தப் பக்கம் வெளியே வந்தால் வியாபாரம் நின்றுபோகும், நின்றால் நம் பங்கு இல்லை, பங்கு இல்லாவிட்டால் கீழ்த்தளத்து வீடு இல்லை. அம்மாவின் முழங்கால் நீ நினைப்பதைவிட மோசம். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, துர்கா பூஜைக்கு இறங்கினவள் அதற்கப்புறம் இறங்கவே இல்லை, பால்கனியிலிருந்து கயிற்றில் பை விட்டுக் காய்கறி வாங்குகிறாள். பார்த்து வைத்திருக்கிற கீழ்வீட்டில் எந்த ஜன்னலுக்கு என்ன திரை என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டாள். என்னை யாரும் மறைக்கச் சொல்லவில்லை, விக்ரமைக் குறை நினைக்காதே, எனக்கு நெஞ்சுவலி வந்தபோது பத்து நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவன் அவன். நானாகத்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

போன சனிக்கிழமை நிலம் அளக்க ஆள் வருகிறார்கள் என்று நானும் போனேன். மது டீ போட்டுக் கொடுத்தான், வழக்கம்போல உன் அம்மாவுக்கென்று புது வெல்லம் ஒரு பொட்டலம் கட்டினான். பிறகு மெதுவாக, அண்ணன் முறை வைத்து என்னைக் கூப்பிடுகிற வழக்கப்படி, பார்த்தோதா, சுவர் வரப்போகிறதாமே, அப்பா கைநாட்டு வைத்த புத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது, குளத்தைப் பற்றி அதில் இருக்கிறதல்லவா என்று கேட்டான். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஊரில் பயப்படுகிறார்கள், பார்த்தோதா இருக்கும்வரை நமக்கென்ன என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன் என்றான். நான் வெல்லத்தை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், குறுகுறுப்பெல்லாம் சின்ன வார்த்தை, எனக்கு வெட்கமாக இருக்கிறது அனன்யா, எழுபத்திரண்டு வயசில் இப்படி வெட்கப்படும்படி ஆயிற்று.

அம்மாவிடம் திங்கட்கிழமை சொன்னேன். ஏன் எங்கிட்ட சொன்னேள், தெரியாமலே அந்த ஆத்துக்குக் குடி போயிருப்பேனே என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் காப்பி மேஜைக்கு வந்தது, அவள் வரவில்லை. நேற்று அவளே அலமாரியிலிருந்து மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, தீர வேண்டும் என்று கேட்க எனக்கு வாயுமில்லை.

பத்திரப் பதிவு பிப்ரவரி இருபதாம் தேதி. விட்டுப்போனதை இங்கிலீஷில் எழுதிவிட்டேன், வருகிற திங்கட்கிழமை விக்ரமிடம் கொடுத்து, வேண்டுமென்றேதான் விட்டேன் என்றும் சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் அவன் நம் வீட்டுப் படி ஏறுவானோ மாட்டானோ. ஆனால் ஊர்க்காரர்கள் கையில் பெங்காலியில் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஐம்பது வருஷமாகப் பேசுகிறேன், எழுத வராது. இரண்டாவது மாடியில் இருக்கிற தீப்தி டீச்சரைக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுப்பாள்தான், எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர்கள் நம்பியது நம் வீட்டு வார்த்தையை, அது நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். நீ பள்ளிக்கூடத்தில் பெங்காலி படித்தவள். அந்தப் பக்கத்தின் நகலையும், உனக்குப் புரிகிற மாதிரி பெரிய எழுத்தில் திருப்பி எழுதினதையும் இதோடு வைத்திருக்கிறேன். எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் அச்செடுத்துக்கொண்டு போகிறேன். இதனால் அம்மாவுக்கு அந்த வீடு போகும் என்று தெரிந்துதான் உன்னைக் கேட்கிறேன், உனக்கு இதில் வருத்தமிருந்தால் என்னைத் திட்டி நாலு வரி சேர்த்தே எழுது.

பனியில் பார்த்து நட, பாப்பாவுக்கு என் முத்தம், மாப்பிள்ளையை மிகவும் விசாரித்ததாகச் சொல். பகவான் உங்கள் மூன்று பேரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே. கடைசியில் கைநாட்டு இருக்கிற இடத்தில் ஹரிபதா மண்டல் என்று பெயரை முழுசாக எழுது. நகலில் தேடாதே, இருக்காது. ஊரார் சார்பில் என்று மட்டும்தான் நான் அன்றைக்கு எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா,
பார்த்தசாரதி