என் முட்டிக்கு வந்த ஊசி

அன்பு மகன் சுகுமாருக்கு அம்மா எழுதுவது. பொழிச்சலூரில் நானும் மாடியில் குடியிருக்கும் ஏஞ்சலும் தண்ணீர் மோட்டாரும் சுகம். கனடாவில் உன் தோள்பட்டை தவிர மற்ற எல்லோரும் சுகம் என்று நினைக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் புகுந்து பேசுவாய், காகிதத்தை மறித்துப் பேச உன்னால் முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வழுக்கி விழுந்து முட்டியில் தசைநார் கிழிந்ததும் இங்கேயே திரும்பி வந்துவிட்ட உன் சிநேகிதன் ஃபிரெடியிடம் ஒரு குட்டி ஊசி மருந்துக் குப்பி கொடுத்தனுப்பினாயே, பி.பி.சி.157 என்று, அடியில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு. அதை ஏஞ்சலிடம் காட்டினேன், அவள் தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள். லேபிளைப் படித்தவள், "ஆயா, இது எலிக்கு நல்லா வேலை செஞ்சிக்கீது, மனுசங்க மேல பண்ண ஆராய்ச்சிய வெரல் வுட்டு எண்ணிடலாம், மனுசருக்கு இல்லன்னு இதுலயே போட்டுக்கீது பாரு" என்றாள். வயிற்றுச் சாற்றில் இருக்கும் ஏதோ சத்தைப் பார்த்துச் செய்ததாம். புது ரத்தக் குழாய் முளைக்க வைக்குமாம். காயத்தில் முளைத்தால் நல்லது, உள்ளே ஒளிந்திருக்கும் கெட்ட கட்டிக்குத் தீனி போடுமா என்று கேட்டால் இன்றைக்கு யாருக்கும் தெரியாதாம், எந்த அரசாங்கமும் இதை மருந்தென்று ஒப்புக்கொள்ளவில்லையாம், ஓட்டப் பந்தயக்காரர்களுக்கே தடையாம். எந்த எலியடி முட்டி வலி என்று வந்து சொன்னது என்றேன், சிரித்து உருண்டாள். பிறகு காலில் ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைக் கட்டி மூன்று மாதம் தூக்க வைத்தாள், பாவி. அதில்தான் கால் தேறியது.

ஆனால் வீடியோவில் நீ "ஊசி போட்டுக்கினியாம்மா" என்று கேட்டபோது ஆமாம், கால் பஞ்சு மாதிரி கீது என்று சொல்லிவிட்டேன். நான் ஊசி போடவே இல்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாய். நீ ஆறாம் வகுப்பில், ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, இருமலுக்கு நான் இடித்துக் காய்ச்சிய கஷாயத்தைச் செம்பருத்தித் தொட்டியில் ஊற்றிவிட்டு, குடித்தேன், சரியாகிவிட்டது என்றாய். நான் அதை நம்பி எதிர்வீட்டுப் பாலாம்பாளிடம் பெருமை பேச, அவள் தன் பிள்ளை பத்ரிக்குக் கொடுக்க, அவன் மூன்று நாள் வாந்தி எடுத்தான். செடி பட்டுப்போன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பாலாம்பாள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். முப்பது வருஷம் காத்திருந்து உனக்கு ஒரு பொய்யைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்று குஷியாகக்கூட இருந்தது. நான் குன்றத்தூர் மலை ஏறினதும் ஃபிரெடி போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினான், இன்னும் குஷி.

போன ஞாயிறு நீ சட்டையைக் கழற்றி, "உனக்கே கேட்டுச்சேம்மா, அதான் நானும் தோளுக்குப் போட ஆரம்பிச்சிட்டேன்" என்று காட்டினாய் பார், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்னால் என் பேத்தி சின்மயி பஞ்சு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஜிம்மில் மூன்று பேர் என் போட்டோவைப் பார்த்து வாங்கினார்களாம். அன்று நான் நின்ற இடத்தில் இப்போது நீ நிற்கிறாய், உன் இடத்தில் நான், பாலாம்பாள் இடத்தில் அந்த மூன்று பேர்.

குப்பி ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் குழியில் மூடி திறக்காமல் இருக்கிறது. அதையும் ஃபிரெடி போட்டோ எடுத்து அனுப்புவான், மலைப் போட்டோ காட்டிய மூன்று பேருக்கும் இதையும் காட்டு. தோளை நல்ல டாக்டரிடம் காட்டு, உப்புப் பொட்டலம் அங்கேயும் கிடைக்கும். ஊசியை நிறுத்திவிட்டேன் என்று நீ சொல்லாதே, உன் வாய்ச் சொல்லை நம்பி ஒரு செடியை இழந்தவள் நான். சின்மயியைச் சொல்லச் சொல், அவள் இன்னும் நம் இருவரையும் போல் ஆகவில்லை.

முருகன் உங்கள் மூவரையும் நோய்நொடி அண்டாமல் காப்பாற்றட்டும். மருமகளுக்கு என் ஆசி, குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொல்.

ஊசி போடாத காலால் மலை ஏறிய,
உன் அம்மா எல்லம்மா