ஒன்பதாவது கையெழுத்து

8 ஜூலை, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கோப்பைத் திறந்தேன். பல்கூட விளக்கவில்லை. நேற்று பள்ளியிலிருந்து கொண்டுவந்த இளையோர் சேவைக் கழகக் கோப்பு. பதினான்கு வருகைத் தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து மறுபடி பார்த்தேன்.

மாநில இளம் தலைவர் விருதுக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் போகும். பொறுப்பாசிரியை நான். 28ஆம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கழகத் தலைவி தேவிஸ்ரீ, ஐந்தாம் படிவ மாணவி. அவள் பெயரை எழுதிவிட்டுச் சேவை மணிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

ஜூன் 21, சனிக்கிழமை. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே இருக்கும் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு. எட்டு மாணவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

ஆனால் அன்று பள்ளி நடந்தது. ஹரி ராயா பெருநாளுக்குக் கூடுதலாக எடுத்த விடுமுறைக்குப் பதில் நாள். வாசலில் கடமையில் நின்றவள் நான். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்தார்களா?

தாளின் அடியில், உடன் சென்ற ஆசிரியர் என்ற இடத்தில், ஒன்பதாவதாக என் கையெழுத்து. பக்கத்தில் என் சாப்பு, பெயர் முத்திரை. வாராவாரம் பொறுப்பாசிரியர் போக முடியாது என்பது எல்லாப் பள்ளியிலும் தெரிந்த விஷயம்தான், அதை விடு. இந்தத் தாளில் நான் எப்போது போட்டேன்? நினைவே இல்லை.

9 ஜூலை, புதன்

கழகக் கூட்டம். பின்வரிசையில் உட்கார்ந்து தேவிஸ்ரீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒல்லியான பிள்ளை, பேச்சும் குறைவு. நான் எழுந்து பக்கத்தில் போனதும் தன் நோட்டை மூடினாள். சாதாரணமாக மூடினாளா, மறைத்தாளா?

தோட்டத்து வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். "ஓகே டீச்சர்." அவ்வளவுதான். பிள்ளைகள் எத்தனை பேர்? "பதினொண்ணு. சில நாள் ஒம்பது." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. முன்கூட்டியே யோசித்து வைத்த பதில் மாதிரி.

கழகச் செயலாளர் என் மகள் அனுசியா. அவள் பாட்டுக்கு ஜன்னல் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த விருது இருந்தால் மேற்படிப்பு நேர்காணலில் நல்ல எடை உண்டு. தேவிஸ்ரீயின் அம்மா பெட்ரோல் எண்ணெய் நிலையத்தில் கவுண்டர் வேலை, அப்பா கூட இல்லை. அவளுக்குத் தேவை அதிகம். தேவை அதிகமானவர்கள்தான் இப்படி...

எழுதியது எனக்கே பிடிக்கவில்லை. அடிக்காமல் விடுகிறேன்.

10 ஜூலை, வியாழன்

என் கையெழுத்தின் கடைசிச் சுழியை வெற்றுத்தாளில் பதினைந்து தடவை போட்டுப் பார்த்தேன். ஒத்துப்போகிறது. யாராவது உட்கார்ந்து பழகியிருந்தாலும் ஒத்துத்தான் போகும்.

13 ஜூலை, ஞாயிறு

ஆறு நாளாக அந்தத் தாள்களைப் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் மூன்றாவது வரியை வாசித்தேன். அனுசியா. பதினான்கு தாளிலும் மூன்றாவது வரி அனுசியா.

சனிக்கிழமை காலையில் அனுசியா ஆயர் குரோவில் இயற்பியல் டியூஷனில் இருப்பாள். ஏற்றிக்கொண்டு போவது நான். எதிர்க் கடைவரிசையில் காரை நிறுத்தி, அவள் வரும்வரை பயிற்சி நூல் திருத்துவதும் நான். பிறகு எப்படி இத்தனை நாள் கண்ணில் படவில்லை? பட்டது. படாத மாதிரி இருந்துவிட்டேனா?

தேவிஸ்ரீ என் மகள் கையெழுத்தையும் போட்டிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கோபத்தில் ஒரு நிம்மதி.

இவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். "அனுசியா உள்ளதான இருக்கா. கேளேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புள்ள மேல உனக்கு என்ன கோவம்?" என்றும் கேட்டார். வாளியை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அனுசியாவிடம் கேட்கவில்லை.

16 ஜூலை, புதன்

மைமூன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். புறப்பாட நடவடிக்கைகளுக்கான துணைத்தலைமையாசிரியை. மலாக்கா டவுனில் மளிகைக் கடைக்காரர் மகள்; கணக்கில் ஒரு சல்லி இடித்தாலும் விடாத குடும்பம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒரே ஒரு தாளைக் காட்டினேன். இந்தத் தேதி இடிக்குது அக்கா, எனக்கு ஞாபகம் இல்லை, இந்தப் பொண்ணு கையெழுத்தெல்லாம் எப்படி வாங்குறான்னும் தெரியலை என்றேன்.

மூன்றாவது வரி மேல் என் கட்டைவிரல் இருந்தது. தற்செயலா? இல்லை.

பிள்ளையைக் கூப்பிட்டு மிரட்டுவதற்கு முன்னால் கோயில்காரரிடம் தானே கேட்டுக்கொள்வதாகச் சொன்னார் அக்கா.

18 ஜூலை, வெள்ளி

சிற்றுண்டிச் சாலையில் மைமூன் அக்கா என்னைப் பிடித்து உட்காரவைத்தார். தோட்டத்துக் கோயில் செயலாளர் நல்லமுத்துவுக்கு ஃபோன் போட்டாராம். வாசிப்பு வகுப்புக்கு டீச்சர் வருகிறார்களா என்று கேட்டாராம்.

"ஒரு சனிக்கிழமைகூட டீச்சர் விட்டதில்லன்றாரு. மழையில நனைஞ்சுக்கிட்டாச்சும் வந்துருவாங்களாம். அந்த ஜூன் மாசத் தேதி கேட்டேன். அன்னிக்கு ஸ்கூல் முடிச்சுப் பின்னேரம் வந்தாங்களாம். வயசாயிருச்சு கோமளா உனக்கு. போனதையே மறந்துட்ட."

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. அக்கா நிறுத்தவில்லை. பெரிய பிள்ளைகள் எத்தனை பேர் கூட வருகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறார். யாரும் இல்லை, டீச்சர் தனியாகத்தான் வருகிறார்கள் என்றாராம் நல்லமுத்து.

"நீ ஒத்தையில போய்ச் செய்யிற. இவளுங்க இங்கன உக்காந்து சைன் போடுறாளுங்க. தலைவியே போகலன்னா அப்புறம் என்னா தலைவி?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மணி அடித்தது. எழுந்து வகுப்புக்குப் போய்விட்டேன்.

என் வாழ்நாளில் அந்தத் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அப்படியானால் அந்த டீச்சர் யார்? என் பேரைச் சொல்லிக்கொண்டு யார் போகிறார்கள்? இல்லை, அந்த மனுஷருக்குத் தேவிஸ்ரீ சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாளா?

19 ஜூலை, சனி

டியூஷனுக்கு இவரைக் கொண்டுபோய் விடச் சொல்லிவிட்டு நான் தோட்டத்துக்குப் போனேன். பெரிய சாலையிலிருந்து திரும்பியதும் செம்பனை மரங்களுக்கு நடுவில் ஒரு மண்சாலை, லாரி போய்ப் போய்க் குழி விழுந்தது. தொழிலாளர் லய வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது. கோயில் மண்டபத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட். எட்டே முக்கால். பத்துப் பதினோரு பிள்ளைகள், குளித்துத் திருநீறு பூசி, பாயைத் தாங்களே விரித்துக்கொண்டிருந்தார்கள்.

காரை விட்டு இறங்கினேன். "டீச்சர்!" என்று ஒரே சத்தம். எல்லாம் ஓடி வருகிறது. கையிலிருந்த பையை மறுகைக்கு மாற்றி, சிரிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன்.

என்னைத் தாண்டி ஓடிப்போயின. பின்னால் ஒரு பழைய மோட்டாரில் தேவிஸ்ரீ வந்து நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நான்கு பேர் அவள் பையைப் பிடுங்கிவிட்டார்கள். "டீச்சர், இவன் என் பென்சில ஒளிச்சுட்டான் டீச்சர்." "டீச்சர், இன்னிக்கு நான்தான் மொதல்ல."

பதினேழு வயசு. அவள்தான் டீச்சர்.

என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் இரத்தமே இல்லை. ஒரு சின்னப் பெண் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "இவங்க யாரு டீச்சர்?" என்று கேட்டது. "இவங்க எனக்கு டீச்சர்" என்றாள். அந்தக் குழந்தைக்குப் புரியவில்லை. டீச்சருக்கு டீச்சரா என்று யோசித்துவிட்டுப் போய்விட்டது.

நல்லமுத்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முன்பு டிராக்டர் ஓட்டினவராம். நான் உட்கார்ந்ததும், "டீச்சரோட அம்மாவா நீங்க? புள்ளைய நல்லா வளத்திருக்கீங்கம்மா" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது. மைலோவைக் கலக்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்த பிறகுதான் சொன்னேன்.

வகுப்பு முடிந்து தேவிஸ்ரீயைத் தனியாக அழைத்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மார்ச்சில் முதல் இரண்டு வாரம் நாலு பேர் வந்தார்களாம். பிறகு டியூஷன், வெயில், தூரம். யாரும் வரவில்லை.

"எட்டுப் பேருக்குக் கொறஞ்சா நடவடிக்கை கணக்குல வராது, அனுமதியக் கேன்சல் பண்ணிருவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க டீச்சர். அதான் திங்கக்கிழமை ஸ்கூல்ல அவங்ககிட்ட சைன் வாங்கிக்குவேன். யாரோட சைனும் நான் போடல."

என்னுடையது?

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் விளையாடுகிறேனோ என்று சந்தேகப்பட்ட மாதிரி ஒரு பார்வை. "மார்ச்ல இருபது தாள்ல சைன் போட்டு, சாப்பு குத்திக் குடுத்தீங்களே. சும்மாச் சும்மா வந்து கேக்காத, நீயே பாத்துக்கன்னு. போன வாரத்துக்கு இன்னும் எழுதல, ஆறு இருக்கு."

பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ஆறு வெற்றுத் தாள். அடியில் என் சுழி. நேரம் என்ற இடத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு என்று அச்சாகவே இருக்கிறது.

ஜூன் 21 பின்னேரம்தானே வந்தாய், நேரத்தைத் திருத்தியிருக்கலாமே என்றேன்.

"நீங்க சைன் போட்ட தாள் டீச்சர். அதுல எப்படி அடிச்சு எழுதுறது?"

நான் தவறு என்று பிடித்த அந்த நேரம், அவள் எனக்குக் கொடுத்த மரியாதை.

20 ஜூலை, ஞாயிறு

அனுசியாவைக் கேட்டேன். மழுப்பவில்லை.

"எல்லாரும் போடுறதுதான் லா. உங்க சைன் அதுல மொதல்லயே இருந்துச்சு. நீங்க போகாம போடலாம்னா, நாங்க போடக் கூடாதாம்மா?"

ஃபோனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். திமிராகச் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்கிறாள். அது இன்னும் மோசம்.

நானும் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது?

23 ஜூலை, புதன்

மைமூன் அக்கா முடிவு எடுத்துவிட்டார். 28ஆம் தேதி திங்கள் காலை பத்து மணிக்குத் தேவிஸ்ரீ அம்மாவோடு வர வேண்டும். கடிதம் போய்விட்டது. பொய் வருகைப் பதிவு. தலைவிப் பொறுப்பு போகும், விருதுப் பட்டியலில் பெயர் இருக்காது, நன்னடத்தைச் சான்றிதழிலும் ஒரு வரி ஏறும். மற்ற ஏழு பேரும் தலைவி சொல்லைக் கேட்டுப் போட்டவர்கள், அவர்களை விட்டுவிடலாம் என்றார். "பொறுப்ப உன் மக பாக்கட்டும். செயலாளர்தானே. உன் மகன்னு யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. நீதான் வாராவாரம் போறன்னு தோட்டமே சாட்சி சொல்லுது."

டீச்சர் என்ற ஒரு சொல் போதுமாக இருக்கிறது. அவள் போன பதினான்கு நாளும் என் கணக்கில் வந்துவிட்டது. நான் போட்ட பொய் அவள் கணக்கில் போய்விட்டது. யாரும் ஏமாற்றவில்லை. நல்லமுத்து உண்மையைத்தான் சொன்னார். அக்காவும் கேட்டதைத்தான் நம்பினார்.

சனிக்கிழமை தெரிந்துகொண்டதைப் புதன்கிழமைவரை ஏன் சொல்லவில்லை? "அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அலுவலகக் கதவு திறந்திருக்கு, ஆட்கள் இருக்கிறார்கள் என்று நிறுத்தினேன். கதவைச் சாத்த எனக்குக் கை இல்லையா? விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். இருபது வருஷ சர்வீஸ். அனுசியாவுக்கு இது எஸ்பிஎம் பரீட்சை வருஷம், புறப்பாட மதிப்பெண் சரியும். எல்லாம் காரணம்தான். எதுவும் பொய்யில்லை. அதனால்தான் என்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

25 ஜூலை, வெள்ளி

நடைபாதையில் தேவிஸ்ரீ எதிரே வந்தாள். "வணக்கம் டீச்சர்." எப்போதும் சொல்கிற அதே குரல். கடிதம் கிடைத்துவிட்டது என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதும் தெரிந்தது.

27 ஜூலை, ஞாயிறு

காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பதினான்கு தாள்களையும் மறுபடி பரப்பினேன். இந்த முறை கீழிருந்து பார்த்தேன். ஒன்பதாவது கையெழுத்து என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கையில்தான் ஒன்பது. மார்ச் மாதம், ஒரு பிள்ளையும் பேனாவைத் தொடுவதற்கு முன்னால் விழுந்தது அது.

சிவப்புப் பேனாவால் பதினான்கிலும் என் கையெழுத்தை அடித்தேன். பக்கத்தில், நான் செல்லவில்லை என்று எழுதித் தேதி போட்டேன். பிறகு மூன்றாவது வரியை அடித்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மற்ற ஆறு பேரையும் அவர்களே சொல்லட்டும். முதல் வரி தேவிஸ்ரீயுடையது; அதைத் தொடவில்லை. ஜூன் 21 தாளில் மட்டும் நேரத்தை மாற்றி எழுதினேன். அந்தத் தாளில் அடித்து எழுதலாம். என் கையெழுத்துக்கு இனி அந்த மரியாதை வேண்டாம்.

விருதுப் படிவத்தில் தேவிஸ்ரீ பெயர் அப்படியே இருக்கிறது. மைமூன் அக்காவுக்கு நாலு வரிக் கடிதம். நல்லமுத்து சொன்ன டீச்சர் யார் என்று அதில் இருக்கிறது. நாளை ஏழேகாலுக்கெல்லாம் அவர் அறை வாசலில் நிற்பேன். அந்த அம்மா வேலைக்கு விடுப்புப் போட்டு, பள்ளிக்கூடப் படியேறி வருவதற்கு முன்னால்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், யோசிச்சுச் செய் என்பார்; நான் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அனுசியா பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, வரும் சனிக்கிழமை டியூஷனுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டாள். அப்பா கொண்டுபோய் விடுவார் என்றேன்.

"நீங்க எங்கம்மா போறீங்க?"

எட்டே முக்காலுக்குத் தோட்டத்தில் இருக்க வேண்டும். மண்சாலை, மெதுவாகத்தான் போக முடியும். எதையோ தேடுகிற மாதிரி கைப்பையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.