சுவரில் நீ போட்ட துளை

இன்று காலை பூ வைக்கும் குளிர் அறையைத் திறந்ததும் ரோசா மணத்தோடு ஈரப்புல் மணமும் வந்தது. வெளிக்காற்றின் மணம். சுவரில் துளைபோட்டு நீ பூட்டிய விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது, மச்சான். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

ஹில்ஸ்பரோவில் என் வீட்டுக் கராஜில் நாம் இருவரும் கல்யாண மாலை கட்டத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில்தான் அதைப் போட்டாய். "வெளியில ஐஞ்சு டிகிரி. உள்ளுக்குக் குளிராக்கக் கரண்டைக் கொட்டுறம். விசர் வேலையெல்லோ?" என்றாய். அறையைவிட வெளியே குளிர் கூடினால் விசிறி தானாகவே ஓடி அந்தக் காற்றை உள்ளே இழுக்கும், அறையைக் குளிராக்கும் கம்பிரசருக்கு ஓய்வு. ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று செய்து முடித்தாய்.

எனக்கோ பயம். ஈரம் புகுந்து பூ அழுகிவிட்டால்? நீ வெஸ்ட்கேட்டிலுள்ள உன் வீட்டுக்குக் காரை எடுத்ததும் விசிறியை நிறுத்தித் துளையைத் துணியால் அடைத்துவிடுவேன். காலையில் நீ வருமுன் துணியை எடுத்து விசிறியைப் போட்டுவிடுவேன்.

"ஓடினதே?"

"ஓம், நல்லா ஓடினது."

அந்தக் குளிர்காலம் முழுக்க இதே கேள்வி, இதே பதில். குளிர் விட்ட கையோடு மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

மறுபடி குளிர்காலம். போன வாரம், ஒரு கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம், கம்பிரசர் நின்றது. திருத்துபவர் மறுநாள்தான் வருவேன் என்றார். வேறு வழியில்லாமல் உன் விசிறியைப் போட்டேன். வாசலுக்கும் தெர்மாமீட்டருக்குமாக நடந்தேன். பதினொன்று, ஒன்பது, ஏழு. விடிந்தபோது ஓர் இதழ்கூட வாடியிருக்கவில்லை.

மாலைகளைக் கொடுத்துவிட்டு நேரே உன் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

"அவருக்குத் தெரியும் அண்ணா. விசிறி ஓடியிருந்தா காத்து வடிக்கிற வலையில தூசி பிடிச்சிருக்குமாம், ஒண்டுமே இல்லையாம். 'அவன் பயப்பிடுறான், பாவம்' எண்டவர்."

தெரிந்துகொண்டா நாள்தோறும் கேட்டாய்? ஒருநாளாவது உண்மையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தாயா? கோபமா, கேலியா? நடந்து நடந்து யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

யார் எதைக் கேட்டாலும் 'ஓம்' இப்போது உடனே வாயில் வருவதில்லை. நேற்று மகள், "அப்பா, யூ ஓகே?" என்றாள்.

"இல்லை, பிள்ளை" என்றேன்.

அவள் கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.