எலுமிச்சம்பழம் போன வழி

இன்று காலை தேக்கா சந்தையில் காய்கறிக் கடைக்காரர் ஒரு சாக்கு எலுமிச்சம்பழத்தைத் தட்டில் கொட்டினார். மணம் குப்பென்று எழுந்தது. ஒரு பழம் மட்டும் தட்டில் நிற்காமல் உருண்டு, ஈரத்தரையில் ஓடி, இரும்புக் கம்பிகளின் இடுக்கு வழியாகக் கீழே ஓடும் சாக்கடையில் விழுந்தது. அறுபத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, அது எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். "விடுங்கம்மா, வேற எடுத்துக்கங்க," என்றார் அவர். எப்படி விடுவது, ஏழாம் வீட்டு அண்ணே? இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்துவிட்டுப் போனவர் நீங்கள்தானே.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களை அடக்கம் செய்த அன்று சர்ச்சில் பாதிரியார் உங்களை "அதிகம் பேசாத, அமைதியான மனிதர்" என்றார். அண்ணி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தத் துக்கத்திலும் நாங்கள் இருவரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பாதிரியார் ஊருக்குப் புதியவர். நீங்கள் எழுதிய புகார்க் கடிதங்களில் ஒன்றைக்கூட அவர் படித்திருக்க மாட்டார்.

கிளமெண்டியில் நம் வரிசையில் ஒன்பது வீடுகள். மேட்டில் முதல் வீடு சீனப் பெரியவருடையது. ஏழாவது உங்களுடையது. கடைசி வீடு, பள்ளத்தில், பெரிய கால்வாயை ஒட்டியிருப்பது என்னுடையது. எல்லா வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு சாலையோர வடிகால் ஓடி அந்தக் கால்வாயில் போய்ச் சேரும். சேர வேண்டும். பெருமழை பிடித்தால் எட்டு வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்துவார்கள், நான் வாளியைத் தேடுவேன். வடிகாலை விட்டுவிட்டுத் தண்ணீர் சாலையில் ஏறி, நேராக என் வீட்டுக்குள் வந்துவிடும்.

தனியாக இருந்தால் அதையும் சகித்துக்கொண்டிருப்பேன். பக்கவாதம் வந்து கீழ்த்தள அறையில் படுத்திருந்தாரே என் வீட்டுக்காரர், அவரை எப்படி மாடிக்குத் தூக்குவது? கட்டிலின் நான்கு கால்களுக்கும் செங்கல் வைத்திருந்தேன். அந்த நவம்பரில் தண்ணீர் செங்கல்லையும் தாண்டிக் கட்டில் சட்டத்தைத் தொட்டது. மார்சிலிங்கில் குடியிருக்கும் மகன் ஓடிவந்தான். நீங்களும் அரைக்கால் சட்டையோடு வந்து முழங்கால் தண்ணீரில் நின்று அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தீர்கள்.

"அம்மா, அப்பாவ முதியோர் ஹோம்ல சேர்த்துடலாம். இன்னொரு தடவ இப்படி வந்தா நீங்க ஒருத்தரா எப்படி மேனேஜ் பண்ணுவீங்க? ரிஸ்க் எடுக்க முடியாது லா."

அவன் சொன்னதில் தப்பில்லை. நாற்பது வருடம் மருத்துவமனையில் தாதியாக இருந்தவள் நான். ஊரார் பெற்றோரை எல்லாம் தூக்கிப் புரட்டி உட்கார வைத்திருக்கிறேன். சொந்தப் புருஷனை வைத்துப் பார்க்க ஓர் ஈரமில்லாத அறை இல்லை. கட்டிலிலிருந்து அவர், வாயில் மிச்சமிருந்த நாலைந்து சொற்களில் ஒன்றை எடுத்து, "வேணாம்," என்றார். டிசம்பர் முடியும்வரை பார்ப்போம், அடுத்த முறை தண்ணீர் வந்தால் ஹோம்தான் என்று மகன் முடிவாகச் சொல்லிவிட்டான். நீங்கள் தள்ளுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தண்ணீர் ஏன் ஏறுகிறது என்பதற்கு, அதற்கு முன் இரண்டு வருடமாக உங்களிடம் பதில் தயாராக இருந்தது. சீனப் பெரியவரின் மாமர இலைதான் வடிகாலை அடைக்கிறது என்று அவரோடு பேச்சையே நிறுத்தியிருந்தீர்கள். அதிகாரிகளுக்கு மாதம் ஒரு கடிதம். அந்த வெள்ளத்துக்கு அடுத்த சனிக்கிழமை, மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தபோது என் அடுப்படிக்கு வந்து, "சிஸ்டர், மெதக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டீர்கள். நான் யோசிப்பதற்குள், ஊறுகாய் போட வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழக் கூடை உங்கள் கையில் இருந்தது. பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் பழுது பார்த்தவர் ஆயிற்றே, எதையும் சோதிக்காமல் விடமாட்டீர்கள். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மூழ்கிய காய்களை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மிதந்த பழங்களில் பத்தை எடுத்துக்கொண்டீர்கள்.

"நான் மேலேர்ந்து விடுறேன். நீங்க கீழ நின்னு பிடிங்க. மாமரத்துக்கிட்ட நிக்கும் பாருங்க, அப்ப அந்த மனுசன் என்ன சொல்றாருன்னு கேக்குறேன்."

நான் வடையெடுக்கும் ஜல்லிக்கரண்டியோடு என் வாசலில் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. பத்தில் ஒன்றுகூட வரவில்லை. நீங்கள் வடிகாலோரமாகவே ஒவ்வொரு வீடாகக் குனிந்து பார்த்துக்கொண்டு இறங்கி வந்தீர்கள். மாமரத்தடியைத் தாண்டினீர்கள். ஐந்தாவது வீடு, ஆறாவது வீடு. உங்கள் வீட்டு வாசலில் மண்டியிட்டு, வடிகாலின் மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகைக்கு அடியில் டார்ச் அடித்தீர்கள். பிறகு அசையவில்லை.

அந்தப் பலகையைக் கார் நிறுத்துவதற்காக நீங்களும் உங்கள் தம்பியும் சேர்ந்து போட்டீர்கள். சிமெண்டைத் தாங்க அடியில் கொடுத்த மரச்சட்டங்களைக் கழற்றாமலே விட்டிருந்தீர்கள். இருபது வருடத்தில் அவை உளுத்துத் தொங்கி, குப்பையைப் பிடித்து வைத்துக்கொண்டு, வடிகாலில் ஒரு கதவைப்போல நின்றிருக்கின்றன. பத்துப் பழமும் அங்கே சேர்ந்து கிடந்தன.

இதைத்தான் அண்ணே நான் இன்னும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நான் இருந்த இடத்திலிருந்து உங்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கையை விட்டு அந்தக் கட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "இலதான் சிஸ்டர், எடுத்துட்டேன்," என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். ஊரும் நம்பியிருக்கும். நீங்கள் எழுந்து, சேறு அப்பிய முழங்காலோடு என்னிடம் நடந்து வந்தீர்கள். இரண்டு வருடம் ஓயாத அந்த வாயிலிருந்து மூன்று சொற்கள்தான் வந்தன.

"என் வீட்டுலதான் சிஸ்டர்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். செங்கல் வைத்த கட்டில் கண்முன் வந்தது. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு திட்ட வாய் வரவில்லை. அன்றைக்கே மேட்டுக்கு ஏறிப்போய்ச் சீனப் பெரியவரின் கதவைத் தட்டினீர்கள். கையில் சேற்று எலுமிச்சம்பழம் ஒன்று. "அங்கிள், சாரி லா. மை ஹவுஸ், நாட் யுவர் ட்ரீ," என்று நீங்கள் சொன்னது என் வாசல்வரை கேட்டது. அவர் சிரித்துவிட்டார். உள்ளே போய் ஒரு பை மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார். ஊறுகாய்க்குப் பழம் போனால் மாங்காய் வந்தது என்று அண்ணியிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அதிகாரிகளுக்கு நீங்களே போன் போட்டீர்கள். இந்த முறை புகார் உங்கள் மேலேயே. வந்து பார்த்தார்கள், அனுமதி கொடுத்தார்கள், நீங்கள் நின்று பலகையை முழுவதும் உடைத்து எடுக்க வைத்தீர்கள். அடைப்பை நீக்கினால் போதுமே என்று நான்கூடச் சொன்னேன். "மறுபடியும் எது தங்குதுன்னு மூடி வெச்சா எப்படித் தெரியும்?" என்றீர்கள். அதன் பிறகு உங்கள் கார் பக்கத்து அடுக்குமாடி கார் நிறுத்தத்தில்தான் நின்றது. மழையில் நனைந்து நடந்து வரும்போதெல்லாம் அண்ணி உங்களைத் திட்டுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே சிரிப்பார்.

டிசம்பர் பாதியில் ஒரு மத்தியானம் வானம் கறுத்து, கொட்டத் தொடங்கியது. எதிர்வீடு தெரியாத மழை. நான் அறை வாசலில் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி, ஒரு மணி. துணி காய்ந்தே கிடந்தது. குடையோடு நீங்கள் வந்து எட்டிப் பார்த்து, அவரிடம், "தண்ணி வந்துச்சா?" என்று கேட்டீர்கள். அவர் தலையை மெல்ல ஆட்டி, "வரல," என்றார். ஒரு மூன்றெழுத்துச் சொல்லுக்கு நான் அதற்கு முன் அப்படி அழுததே இல்லை.

மழை சற்றுத் தணிந்ததும் நீங்களும் நானும் கால்வாய்க்கரைக்குப் போனோம். மற்ற நாட்களில் கணுக்கால் அளவு நீரில் கொக்கு நடக்கும் அதே கால்வாய். அன்று கரைக்கு ஒரு முழம் குறைவாக, காப்பி நிறத்தில், தரையே அதிரப் போய்க்கொண்டிருந்தது. இந்த வட்டாரத்தின் அத்தனை கூரையும் சாலையும் பள்ளித் திடலும் வாங்கிய மழை ஒரே உடம்பாகக் கடலைப் பார்த்து ஓடியது. பிறப்பையும் இறப்பையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான், அப்படி ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. நீங்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டீர்கள். நான் கைகூப்பினேன். பிறகு, "சிஸ்டர், இது போற வழியிலதான் நான் கார் நிறுத்தி வெச்சிருந்தேன் பாருங்க," என்றீர்கள். தண்ணீரைப் பார்த்து வியந்தேனா, உங்களைப் பார்த்து வியந்தேனா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மகன் அதன்பின் ஹோம் பேச்சை எடுக்கவில்லை. அவர் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார், கட்டிலுக்கடியில் செங்கல் இல்லாமல். நீங்கள் இருந்தவரை ஒவ்வொரு வருடமும் பருவமழைக்கு முன்னால் நாம் பழம் விட்டோம். போன வருடம், நீங்கள் போன புதிதில், விடவில்லை. எனக்கு மனசு வரவில்லை.

இன்று தேக்காவில் வாங்கிய பழங்களை வீட்டுக்கு வந்ததும் வாளியில் போட்டுப் பார்த்தேன். தூறல் இருந்தது. அவரைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குத் தள்ளிவந்து, குடையை நாற்காலியில் கட்டி, நல்ல கையில் ஜல்லிக்கரண்டியைக் கொடுத்தேன். மேட்டுக்கு ஏறி மாமரத்தடியில் ஒரு பழத்தை விட்டேன். அதனோடு சேர்ந்து நடக்க முயன்றேன், அது என்னைவிட வேகம். உங்கள் வாசலில், பலகை இருந்த இடத்தில், வடிகால் திறந்து கிடக்கிறது. அங்கே என் கால் தானாக நின்றுவிட்டது. பழம் நிற்கவில்லை.

கீழேயிருந்து அவர் குரல் கேட்டது.

"வந்துருச்சு."