காலிப் பெட்டியும் முனிரத்தினத்தின் இட்லியும்

நேற்று செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் கேரியரைச் சுற்றிப் போலீஸார் கயிறு கட்டிவிட்டார்கள். தீவிரவாதிகள் வைத்த அணுக்கதிர் குண்டாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, பிளாட்பாரமே காலியானது. முதலில் ஓடியவன் நம் முனிரத்தினம். எழுபத்தெட்டு வயதிலும் ஓட்டத்தில் குறையில்லை. நீ போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தொட்டி செய்யும் ஷெட்டில், வெல்டிங்குக்குள் ஓட்டை இருக்கிறதா என்று கதிர்வீச்சால் படமெடுப்பது நம் இருவர் வேலை. கதிர் வரும் துண்டு மிளகளவுதான். ஈயப் பெட்டிக்குள் இருக்கும்வரை பயமில்லை. பெட்டிமேல் மூன்று இறக்கை போட்ட மஞ்சள் முத்திரை இருக்கும். அதைக் கண்டாலே, ஏதோ சாமி முத்திரை என்பதுபோல, வெல்டர் முனிரத்தினம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நடப்பான்.

ஒரு காலை அந்தத் துண்டு, அதைப் பெட்டியிலிருந்து வெளியே தள்ளும் கம்பியிலிருந்து கழன்று ஷெட்டுக்குள் எங்கோ விழுந்துவிட்டது. பெட்டி காலி. வெல்டர்கள் முப்பது பேருக்கும் நாஷ்டா நேரம், கேரியர்களெல்லாம் உள்ளே. நீ வாசலை மறித்து நின்றாய்.

"உள்ள போவாதீங்கப்பா, கதிர் அடிக்குது."

"எங்க கீது? கண்ணுக்கு ஒண்ணியும் காணோமே. இட்லி ஆறிப்பூடும், வழி வுடு நைனா" என்றான் முனிரத்தினம்.

விளக்கினாய், கும்பிட்டாய். சிரித்தார்கள். முனிரத்தினம் உன்னைத் தள்ளிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தபோது, நீ அந்தக் காலிப் பெட்டியை அவன் முன்னால் வைத்து, "இதுல எவனோ குண்டு வச்சிட்டான்" என்றாய்.

அவ்வளவுதான். எல்லாரும் தண்டவாளம் தாண்டித்தான் நின்றார்கள். முனிரத்தினம் அங்கேயும் நிற்கவில்லை. வந்த பஸ்ஸில் ஏறிப் பெரியபாளையத்தில் இறங்கி, உடம்பெல்லாம் வேப்பிலை சுற்றி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக நேர்ந்துகொண்டான். மறு ஞாயிறு கட்டவும் செய்தான். அன்று அவன் ஆடிய ஆட்டத்தில் பாதி, இலையில் இருந்த எறும்பால் வந்தது.

"நான் உள்ள போறேன், நீ எண்ணிக்கினே இரு. இருபது தாண்டினா கத்து" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். இருபதில் கத்தினேன். நாற்பதில் கத்தினேன். அறுபதில் அழுதேன். கதிரை அளக்கும் கருவியின் சத்தத்தை வைத்துத் தேடி, நீண்ட இடுக்கியால் துண்டை எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்தாய்.

"பதினெட்டு செகண்டுதான்டா ஆச்சு. பயந்துகினு எண்ணினா அப்டித்தான்."

துண்டு கிடந்தது முனிரத்தினத்தின் கேரியருக்கு ஒரு முழம் தள்ளி. கதிர் பட்டால் இட்லி விஷமாகாது என்று சொல்லி, அதை நாம் இருவரும் தின்றோம். உன் சட்டையெல்லாம் சட்னி.

வதந்தி பரப்பியதாக உன்னைப் போலீஸ் கூட்டிப் போனது. வேலையும் போனது. துண்டு கழன்றது வெளியே தெரியக்கூடாது என்றார் முதலாளி. எனக்கு வேலை வேண்டியிருந்தது, வாயைத் திறக்கவில்லை. "வுடுடா, முப்பது பேரும் நல்லா கீறானுங்க இல்ல" என்றாய். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

நேற்று, கேரியரில் இருந்தது எலுமிச்சைச் சாதம் என்று தெரிந்த பிறகு, முனிரத்தினத்தைப் பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடம் உன்னைக் குண்டுப் புளுகன் என்று ஊரெல்லாம் சொன்னவன், என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"அப்ப என் இட்லி?"

"நாங்க தின்னுட்டோம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தெரிஞ்சிருந்தா வடையும் கட்டியாந்திருப்பனே" என்றான்.

இப்போதும் எனக்குப் பயம் வந்தால் எண்ணுகிறேன். அறுபது வந்ததும் உன் பதினெட்டு ஞாபகம் வரும். மறுபடி ஒன்றிலிருந்து, மெதுவாக, தொடங்குகிறேன்.