அச்சுக் கோப்பவரின் கவனக்குறைவால்

காலையில் அச்சகத்திலிருந்து பிழை பார்க்கக் கடைசிப் புரூப் வந்தது. கட்டியிருந்த நூலைப் பிரித்ததுமே மையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. ஈய எழுத்துகளை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிய கையோடு நீங்கள் வந்து என் எதிரில் உட்காரும்போது வருமே, அதே வாசனை. என் விரல் தானாகத் தாளின் ஓரத்துக்குப் போனது. அங்கே உங்கள் பென்சில் குறி எதுவும் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

நம் நாவலுக்கு இரண்டாம் பதிப்பு வருகிறது. 'நம்' என்று கை எழுதிவிட்டது, அடிக்க மனம் வரவில்லை. யுத்தம் முடிந்தும் காகிதம் கிடைக்காமல் இழுத்துக்கொண்டே போய், இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்குள் புரூப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் பார்த்தாகிவிட்டது. புத்தகத்தின் கடைசிப் பக்கமாக வரும் பிழை திருத்தப் பக்கம் ஒன்றுதான் பாக்கி. அதில் நான்கே வரி எழுத வேண்டும். விடிந்ததிலிருந்து மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. பேசினால் மனம் கொஞ்சம் அடங்கும் என்றுதான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் அதுதான். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை என்று எழுதிய கைக்குத் திடீரென்று நாவல் எழுத ஆசை வந்து, முதல் நான்கு அத்தியாயங்களைத் தூக்கிக்கொண்டு உங்கள் அச்சகத்துக்கு வந்தேன். முதலாளி அதை உங்களிடம் தள்ளினார். என் வயதுதான் இருக்கும் உங்களுக்கு. திருச்செங்கோட்டுப் பக்கம் தறிக்காரர் வீட்டில் பிறந்து, தறியை விட்டு அச்சுக் கோக்க எழுத்துப் பெட்டிக்கு முன் வந்து நின்றவர். இரண்டு தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"ஏனுங்க, பொண்ணு கோயலுக்குப் போறா. அப்பறம் 'மேற்படி பெண்' கொளத்துக்குப் போறா. அதுக்கப்பறம் 'மேற்படியாள்' அழுவறா. இது கதைங்களா, கிரயப் பத்திரமுங்களா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. பத்திரக்காரனின் கஷ்டம் உங்களுக்கு எங்கே தெரியும்? பத்திரத்தில் நிறுத்தம் வைத்து இடம் விட்டால், அந்த இடத்தில் எவனாவது ஒரு வரியைச் செருகிவிடுவான் என்று எங்களுக்குப் பயம். அதே பயத்தோடு கதையையும் எழுதியிருந்தேன். ஒரு வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடும். அதன் தொடக்கத்தில் வீட்டை விட்டுப் புறப்படுபவள் கதாநாயகி, முடிவில் போய்ச் சேர்பவர் அவள் மாமனார்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நீங்கள் நேரே செவ்வாய்ப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். மறுநாள் கோக்க வேண்டிய பக்கங்களை நான் வாசிக்க வேண்டும், நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஓர் இலக்கணப் புத்தகத்தை மூன்று பதிப்புக்கு எழுத்தெழுத்தாகக் கோத்ததில் அது முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டதாம். ஆனாலும் என்னிடம் சூத்திரம் எதையும் சொன்னதில்லை. 'மாடுகள் மேய்ந்தது' என்று வாசித்தேன். "மாடு பத்து நிக்குதுங்க, மேயறது மட்டும் ஒண்ணுதானுங்களா?" என்றீர்கள். 'மரணமடைந்து இறந்துபோனார்' என்று வந்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டீர்கள். "ஒரே ஆளு ரெண்டு வாட்டி செத்தா, காரியமும் ரெண்டு வாட்டி பண்ணோணுமுங்க சாமி!" படிக்காத தறிக்காரர் மனைவி ஒருத்தியை 'யான் வருகின்றேன்' என்று பேசவைத்திருந்தேன். அதற்குத்தான் அதிகம் சிரித்தீர்கள். "எங்க ஊட்டுக்காரி இப்படிப் பேசுனான்னு வைங்க, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிருவேன். 'வாரேன்'னு சொல்ல உடுங்க அவள." சுவற்றில் சாய்ந்திருந்தவளைச் சுவரில் சாய வைத்ததும், முயற்சித்தவனை முயல வைத்ததும் நீங்கள்தான். பதினேழு அத்தியாயங்கள் இப்படியே போயின. எனக்கு வாய்த்த நல்ல நாட்கள் அவை.

கெடுத்தது நான். அச்சான பக்கங்களை ஒரு வக்கீலிடம் காட்டினேன். "தமிழ் உமக்குக் கைகட்டி நிற்கிறதய்யா" என்று அவர் சொன்னதில் எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்த வாரம் பார்த்து, மழையில் ஒருத்தி காத்து நிற்கும் இடத்தில் என் ஒரே வாக்கியத்தை நீங்கள் ஒன்பதாக உடைத்திருந்தீர்கள். நேரே அச்சகத்துக்கு வந்து, எல்லோரும் பார்க்கக் கத்தினேன். "நான் எழுதுனபடி கோக்கறதுதானுங்க உங்க வேலை. திருத்தறதுக்கு உங்கள யாரு கேட்டா?"

நீங்கள் முகம் கூடச் சுளிக்கவில்லை. "செரிங்க சாமி. எழுதுனபடியே கோத்துடறேன்" என்றீர்கள். கடைசி மூன்று அத்தியாயங்களையும் ஒரு புள்ளி மாறாமல் அப்படியே கோத்தீர்கள். மாலையில் வீட்டுப் பக்கம் வரவில்லை.

புத்தகம் வந்தது. ஆபீஸ் வாசலில் நாலு பேர் கும்பிடு போட்டார்கள். இரண்டாம் மாதம் ஒரு பத்திரிகையில் ஒரு புலவர் மதிப்புரை எழுதினார். பதினேழு அத்தியாயம் வரை நடையைப் புகழ்ந்துவிட்டு, இறுதி மூன்றும் வேறு யாரோ எழுதியவை போல இருக்கின்றன என்று சொல்லி, பதினைந்து பிழைகளை வரிசையாகப் போட்டிருந்தார். முன்பு நீங்கள் திருத்திய மேய்ந்தது, சுவற்றில், மேற்படியாள் எல்லாம் மறுபடி வந்து அதில் இருந்தன. வேறு யாரோ எழுதியவை! அந்த மூன்றுதான் நான் எழுதியவை என்று அவருக்கு எப்படித் தெரியும்? தாலுகா முழுக்கச் சிரிக்கும் என்று நினைத்தேன். இன்னும் தைத்து அட்டை கட்டாத பிரதிகள் பாதிக்கு மேல் அச்சகத்தில் கிடந்தன. அவற்றில் சேர்க்கச் சொல்லி முதலாளியிடம் ஒரு சீட்டை நீட்டினேன்.

'இந்நூலின் இறுதிப் பகுதியில் அச்சுக் கோப்பவரின் கவனக்குறைவால் சில பிழைகள் நேர்ந்துவிட்டது. வாசகர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.'

அந்தச் சீட்டையும் நீங்கள்தான் கோக்க வேண்டியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை எனச் சொன்னால் அது பொய். தோன்றியது. தோன்றியும் நீட்டினேன். அச்சாகி வந்த தாளைப் பார்த்தபோது 'பிழைகள் நேர்ந்துவிட்டன' என்று இருந்தது. உங்கள் தலையில் நான் போட்ட பழியில் கூட ஒருமை பன்மை பார்த்துத் திருத்தியிருந்தீர்கள். அன்றைக்கு எனக்கு வெட்கத்தை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது. என் கையெழுத்துப் படி உங்களிடம் அல்லவா இருந்தது! அதை முதலாளி மேஜையில் நீங்கள் வைத்தால் போதும், என் கதை முடிந்தது.

மாலையில் வந்தீர்கள். அந்தப் படியைச் சணலால் கட்டி எடுத்து வந்திருந்தீர்கள். "இதப் பத்தரமா வெச்சுக்குங்க சாமி. யாரு கையிலயும் சிக்கிரக் கூடாது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஒரு வார்த்தை சொன்னேனா?

அதற்குப் பிறகு முதலாளி உங்களிடம் புத்தக வேலை கொடுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையும் கூத்து நோட்டீசும்தான். ஊரில் மற்ற அச்சகங்களிலும் புத்தகம் என்றால் உங்களைக் கூப்பிடத் தயங்கினார்கள். கடைசியில் ஓமலூரில் நோட்டீஸ் அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்துக்குப் போனீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி வந்து பார்த்தீர்கள், மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசினீர்கள். ஆனால் அடுத்து என்ன எழுதுகிறேன் என்று மட்டும் கேட்டதே இல்லை. நான் பிறகு இரண்டு கதைத் தொகுதிகள் போட்டேன். ஒவ்வொரு வரியிலும் உங்கள் கேலியைக் காதில் கேட்டுக் கேட்டுத் திருத்தினேன். இரண்டையும் உங்கள் கையில் கொடுத்தேன். "சந்தோசமுங்க" என்று வாங்கிக்கொண்டீர்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தே நாளில் எல்லாம் முடிந்துபோனது. காரியத்தன்று உங்கள் வீட்டம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அண்ணா, இவரு தப்பாக் கோத்தாருன்னு பொஸ்தகத்துல போட்டிருக்குதாமுங்க. ஊருல சொல்றாங்க. நெசமுங்களா?" என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். என் முகத்தை நம்பிக் கேட்டார். "அதெல்லாம் இப்ப எதுக்கு அம்மிணி" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

இப்போது புதுப் பதிப்பின் அட்டையில் 'பிழையற்ற தமிழ்' என்று போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்குத் துணைப்பாடமாக வைக்கலாமா என்று ஒரு கமிட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. பிழைகளெல்லாம் நான் எழுதியவை, பிழையில்லாத பக்கங்களெல்லாம் உங்களுடையவை என்று நானே அச்சில் சொன்னால் அந்தக் கமிட்டி என்ன செய்யும்? முதலாளியிடம் நேற்று லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "பழசை எதுக்குங்க கெளறறீங்க? போனவருக்கு இனி என்ன தெரியப் போவுது?" என்றார். கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

நான்காவது முறையாக எழுதிவிட்டேன். இதைக் கிழிப்பதற்குள், உங்கள் வீட்டம்மா இப்போது இருக்கும் அயோத்தியாப்பட்டணம் போய் அவரிடம் வாசித்துக் காட்டிவிடப் போகிறேன். அவரிடம் சொன்னபிறகு என்னால் பின்வாங்க முடியாது அல்லவா?

*

போய் வந்துவிட்டேன். மணி ஐந்து. கரி எரித்து ஓடும் பஸ், வழியில் இரண்டு இடத்தில் நின்றது. ஒவ்வொரு முறையும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்தேன்.

அவர் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "வாங்ணா" என்று முறத்தை நகர்த்தி இடம் விட்டார். உட்காராமலே வாசித்தேன். 'முதற்பதிப்பில் அச்சுக் கோத்தவர் மீது நான் சுமத்திய பிழைகள் அனைத்தும் நான் எழுதியவை. நான் எழுதியபடியே கோக்கச் சொன்னேன், அவர் கோத்தார். மற்றப் பகுதிகளில் பிழையின்றி இருப்பது அவருடைய உழைப்பு.'

அவர் ராட்டையை நிறுத்தினார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்.

"அவரு பேரு வரலீங்களே?"

"அப்பவும் பேரு போடலீங்க அம்மிணி..."

"அப்பப் பேரு இல்லாமயே அவருதான்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சுதுங்ணா. இப்ப மட்டும் எதுக்குங்க ஒளிக்கோணும்?"

அங்கேயே பென்சிலை எடுத்து உங்கள் பெயரை முழுதாக எழுதினேன். எது என்று கேட்டார். காட்டினேன். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பும் வழியில் அச்சகத்தில் இறங்கி, முதலாளி முகத்தைப் பார்க்காமல் புரூப்போடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டேன். கமிட்டியை நினைத்தால் இன்னும் பயம்தான். அது நாளைக் கவலை.

ஆனால் கிளம்பும்போது உங்கள் வீட்டம்மா சொன்னதை உங்களிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. "நான் அப்பவே உங்ககிட்ட வந்து சண்ட போடறேன்னு நின்னேனுங்ணா. அவருதான் உடல. 'அவரே எழுதுவாரு, நாம கேக்கப்படாது'ன்னு சொல்லிட்டாரு. நீங்க குடுத்த ரெண்டு பொஸ்தகத்துலயும் ஊட்டுக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தத்தான் மொதல்ல திருப்பிப் பாத்தாரு."

இரண்டு முறையும் அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. நீங்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் என்னைப் பார்க்க வந்தீர்கள்.