வறுத்த கல்லின் வயது

11 பிப்ரவரி 1974

கல்லுக்குள் இருக்கும் கீறல்களை மறுபடியும் எண்ணினேன். மறுபடியும் தொண்ணூறு லட்சம் ஆண்டு. கூந்தன்மலையின் சரிவில் எடுத்த கல் ஆறு கோடி என்கிறது. மலையைக் குறுக்கே பிளந்த பிளவில் எடுத்த கல் மட்டும் நேற்றுப் பிறந்த மாதிரி. லேப் அட்டெண்டர் ஏகநாதன் சாவியோடு வந்து நின்றார். "இன்னா மேடம், இன்னும் எண்ணிக்கினே கீறீங்க?"

13 பிப்ரவரி

என் வழிகாட்டி வேதசிரோமணி சாரிடம் காட்டினேன். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பிளவு சமீபத்துல அசைஞ்சிருக்கு ஜோதி. மலையே அப்பத்தான் எழும்பியிருக்கு. ஏப்ரல் மாநாட்டுல வாசிச்சுடறேன், உன் பேரும் சேர்த்து."

சேலையூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலி தெரியவில்லை.

20 பிப்ரவரி

தூக்கம் இல்லை. சந்தோஷம் என்கிறாள் அக்கா. இல்லை. ஏதோ இடிக்கிறது. எது?

3 மார்ச், ஞாயிறு

சர்ச் விட்டு வந்ததும் மெட்டில்டா அக்கா உப்புமாவுக்கு ரவை வறுத்தாள். இரும்புச் சட்டியில் கரண்டி உரசும் சத்தம். இடித்தது எது என்று தெரிந்துவிட்டது.

நவம்பர் மாதம். விடாத மழை, லேபில் கரண்ட் கட். கழுவிய கல்பொடியை வெயிலில்தான் உலர்த்த வேண்டும் — வெயிலுக்கு எங்கே போக? வீட்டுக்குக் கொண்டுவந்து, இதே சட்டியில், இதே ஸ்டவ்வில், ஒரு மணி நேரம். பிளவுக் கல்லை மட்டும்.

மடச்சி. பி.எஸ்ஸி. பிள்ளைக்குக்கூடத் தெரியும்: யுரேனியம் உடையும்போது கல்லுக்குள் கீறல் விழும். ஆழத்தில் சூடாகக் கிடக்கும்வரை அந்தக் கீறல் நிற்காது, அழிந்துபோகும். மலை எழும்பிக் குளிர்ந்த பிறகுதான் நிற்கும். அதை எண்ணித்தானே வயது சொல்கிறோம்? நானே சூடுகாட்டி அழித்துவிட்டு, மிச்சத்தை உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன்.

4 மார்ச்

யாருக்கும் தெரியாது. மிச்சப் பொடியும் இல்லை. திரும்ப மலைக்குப் போய், கல் எடுத்து, யுரேனியத்தை அளக்க அணு உலைக்கு அனுப்பி, எண்ணி முடிக்க ஒரு வருஷம் ஆகும். நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் கொடுத்த லீவோ மே மாதத்தோடு சரி. சொன்னால் பட்டம் போச்சு. சொல்லாவிட்டால் டாக்டர் ஞானஜோதி.

சொல்லித்தான் ஆகணுமா?

9 மார்ச்

சொல்லிவிட்டேன். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ்வளவு சூடு ஏறியிருக்காதும்மா."

"ஏறியிருக்கும் சார்."

"தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிச் சொல்ற?"

என் பேரை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கோபம் இப்போதுதான் வருகிறது — என்மேல் பாதி, அவர்மேல் பாதி.

22 ஏப்ரல்

சார் மாநாட்டில் வாசித்தது பேப்பரில் வந்துவிட்டது. கூந்தன்மலைக்குத் தொண்ணூறு லட்சம் வயதாம். என் பெயர் இல்லை. "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்டி" என்றாள் அக்கா. அழுதேன். பொறாமையில்தான், வேறென்ன.

17 ஜூன்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம். ஒன்பதாம் வகுப்பு, மலைகள் பாடம். கூந்தன்மலைக்கு எத்தனை வயது என்று இன்னும் தெரியாது என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து கிளியம்மாள் எழுந்தாள். "பேப்பர்ல போட்டிருந்துச்சே மிஸ், தொண்ணூறு லட்சம்னு. எங்கப்பா காட்டினாரு."

"அது தப்பு. அந்தக் கல்லை ரவை வறுக்கிற சட்டியில போட்டு வறுத்தது நான்தான்."

வகுப்பே சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு, வறுத்தால் கல்லுக்கு வயது ஏன் குறைகிறது என்று கரும்பலகையில் படம் போட ஆரம்பித்தேன்.